பதில் வராத அழைப்பு

லினக்ஸில் ஒரு செயலி திறக்க ஏறக்குறைய 25 நொடி எடுத்தால், என் முதல் சந்தேகம், புரோகிராம்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் டி-பஸ் மேல்தான். ஒரு புரோகிராம் இன்னொன்றை அழைத்துப் பதில் வராவிட்டால், காத்திருந்து கைவிடும் வழக்கமான கெடு அந்த 25 நொடி.

இப்படியான இடத்தில் டிபக்கர் அதிகம் உதவாது. ஒரு புரோகிராமை நிறுத்தினாலே மற்றதன் நேரக்கணக்கு குலைந்துவிடும். அவை பேசுவதை அப்படியே பிடிப்பதுதான் நல்லது. 'பஸ்சிடிஎல் கேப்சர்' என்ற கட்டளையை ஓட்டி, கிடைக்கும் கோப்பை வயர்ஷார்க் என்ற ஆய்வுக் கருவியில் திறந்தால் யார், யாரை, எப்போது அழைத்தார்கள் என்பது முழுதும் தெரியும். டெஸ்க்டாப் செயலி என்றால் 'யூசர்' என்ற தேர்வையும் சேர்க்க வேண்டும். இல்லையேல் பயனருக்கான பஸ்ஸை விட்டுவிட்டு, கணினி முழுமைக்குமான சிஸ்டம் பஸ்ஸைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரிசை எண் உண்டு. பதில் அந்த எண்ணைச் சுமந்தே திரும்பும். திரும்பாத எண் எதுவென்று தெரிந்துவிட்டால், வாய்திறக்காத புரோகிராம் எது என்பதும் தெரிந்துவிடும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கணம் அதுதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கோப்பை அப்படியே பிழை அறிக்கையோடு இணைத்துவிடாதீர்கள். செய்திகளின் உள்ளடக்கமும் பதிவாவதால், உங்கள் வைஃபை கடவுச்சொல்கூட அதில் வெளிப்படையாக இருக்கலாம்.