பிரான்ஸிலும் ஒரு புதுக்கோட்டை

புதுக்கோட்டை என்றதும் தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானமே நம் நினைவுக்கு வரும். பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியிலும் ஒரு புதுக்கோட்டை உண்டு. ‘ஷாத்தோநெஃப் தியு பாப்’ என்று அதற்குப் பெயர்; ‘போப்பாண்டவரின் புதுக்கோட்டை’ என்பது பொருள். 1309 முதல் 1377 வரையில் போப்பாண்டவர்கள் ரோமாபுரியை விட்டு, ரோன் நதிக்கரையிலுள்ள அவிஞோன் நகரில் வாசம் செய்தனர். அவர்களில் இருபத்திரண்டாம் ஜான் என்பவர் நகருக்கு வடக்கே ஒரு குன்றின் மீது கோட்டை எழுப்பினார். 1944-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், பின்வாங்கிச் சென்ற ஜெர்மானியர் வைத்த வெடியால் அதன் கோபுரத்தில் பாதி அழிந்தது. மீதிப் பாதி இன்றும் தனியே நிற்கிறது.

குன்றிலிருந்து கீழே நோக்கினால் எங்கும் திராட்சைத் தோட்டங்கள். நம் நாட்டில் போலப் பந்தலில் படராமல், குட்டையான புதர்களாகவே கொடிகள் நிற்கின்றன. பல தோட்டங்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. தேங்காய் அளவுள்ள உருண்டைக் கற்கள் நிலத்தை மூடியிருக்கும். அவை ஆதிகாலத்தில் ரோன் நதி உருட்டிக் கொணர்ந்தவை. பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் வெளிவிடும். நிலத்தின் ஈரத்தையும் காக்கும். வடக்கிலிருந்து வீசும் ‘மிஸ்திரல்’ என்னும் காற்று கொடிகளை உலர்த்தி நோய் அணுகாமல் தடுக்கும்.

இவ்வூர்ச் சிவப்பு மது பல இனத் திராட்சைகளின் கலவை. கிரனாஷ் இனிமையும் கனமும் தரும். சிரா நிறமும் காரமும் தரும். மூர்வேத்ர உறுதி தரும். சென்ஸோ மென்மை தரும். பாட்டும் பிடிலும் மிருதங்கமும் கூடிக் கச்சேரி ஆவது போலத்தான்.

மதுவை விலக்கியவர்களும் அறியத் தக்க ஒரு கதை இவ்வூருக்கு உண்டு. ஒரு காலத்தில் வெளியூர் வியாபாரிகள் இவ்வூர் மதுவை வாங்கித் தங்கள் சரக்குக்கு வலிவூட்டக் கலந்துவந்தார்கள். வேறு ஊர்ச் சரக்கோ இவ்வூரின் பெயரில் விலை போயிற்று. 1923-ல் குடியானவர்கள், வக்கீல் படிப்புப் படித்தவரும் முதல் உலக யுத்தத்தில் விமானியாயிருந்தவருமான பியேர் லெ ருவாவை அணுகினார்கள். முதலில் நீங்களே நேர்மைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட வேண்டும் என்றார் அவர். அவர்களும் இசைந்தார்கள்.

லாவெண்டர், தைம் ஆகிய வாசனைச் செடிகள் முளைக்கும் வறண்ட நிலத்தில் விளைந்தது மட்டுமே ஊரின் பெயரைத் தாங்கலாம் என்று விதித்தார்கள். இன்ன இனத் திராட்சைகள்தாம் சேரலாம் என்றும், அறுவடையில் நூற்றுக்கு ஐந்து பங்கேனும் கழித்துவிட வேண்டும் என்றும் விதித்தார்கள். வருஷமெல்லாம் பாடுபட்டு விளைத்ததைத் தம் கையாலேயே ஒதுக்குவது குடியானவனுக்கு எளிதா? வழக்கு மன்றங்களிலும் போராடி, 1936-ல் சர்க்காரின் அங்கீகாரத்தைப் பெற்றார்கள். அன்று ஒப்புக்கொள்ளப்பட்ட இனங்கள் பதின்மூன்று.

விளைபொருளின் பெயர் விளையும் ஊருக்கே உரியது என்னும் கொள்கை பின்னர் பல தேசங்களில் சட்டமாயிற்று. நம் மதுரை மல்லிகை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றதும் அக்கொள்கையின் வழியில்தான். முத்திரையைச் சர்க்கார் தந்துவிடலாம். தரமற்றதைத் தாமே கழிக்கும் மனத்தை ஊரார்தாம் தர வேண்டும்.