பந்து தெரியல்லயாம்!

நேத்து மருதமுனைக் கடற்கரை.
மஃரிப் பாங்குக்கு முந்தின கடைசி ஓவர், பந்து என்ட கையில.

"காக்கா, பந்து தெரியல்ல. ஸ்பின் போடுங்க" என்டான் ஒரு பொடியன்.

உடனே இங்கிலாந்தோட நாம, இலங்கை, ஆடின ஓவல் டெஸ்ட்தான் ஞாபகம் வந்திச்சு. 2024 செப்டம்பர் 7.
இருட்டுது, வேகமாப் போடேலா என்டு அம்பயர்மார் சொல்ல, இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் கிறிஸ் வோக்ஸ் ஓவருக்கு நடுவுல ஓஃப் ஸ்பின்னுக்கு மாறினாரே!
(அந்த மெட்ச நாம 8 விக்கெட்டால வெண்டம். பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காம 127.)

அவங்களுக்கு லைட் மீட்டர்.
நமக்குப் பாங்கு.

சரியென்டு நானும் ஸ்பின் போட்டன்.
என்ட வேகத்துக்கும் ஸ்பின்னுக்கும் பட்டப்பகல்லயே வித்தியாசம் தெரியாது, அது வேற கதை.

மூணு பந்து, மூணு சிக்ஸ். கடைசிப் பந்து கடலுக்க.

பந்து தெரியல்லன்ட பொடியன் எப்பிடி மச்சான் அடிச்சான்?