பட்டணம் பாக்கறது

எங்க ஊர்லேர்ந்து பட்டணம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் மூணே இடம்தான். செத்த காலேஜ், உயிர் காலேஜ், பீச்சு. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். உயிர் காலேஜ் என்றால் பார்க் டவுனில் இருந்த மிருகக்காட்சி சாலை. அது 1985ல் வண்டலூருக்குப் போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாத சனங்கள்தான் இந்தப் பேரையெல்லாம் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு பொருத்தமாகப் பேர் வைக்கப் படித்தவனால் ஆகாது.

எனக்கு எட்டு வயசிருக்கும்போது அப்பா என்னையும் அக்காவையும் கூட்டி வந்தார். புளிசோறு கட்டிக்கொண்டு வந்தோம். நாங்கள் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்து வாயைப் பொளந்து நின்றபோது அப்பாவைக் காணோம். தேடிப் போனால், வெள்ளைக் கல்லில் செதுக்கிய சிலைகள் இருந்த இடத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார். "இது இன்னா சாமிப்பா?" என்றேன். "தெரியலடா. இம்மாம் கிட்டக்க நிக்கறேன், எட்டிப்போன்னு எவனும் சொல்லல, பாத்தியா" என்றார். எங்க ஊர்ச் சாமியை அவர் தேர் வரும்போது வயல் வரப்பில் நின்று பார்த்ததோடு சரி.

அது அமராவதியின் புத்தச் சிற்பம் என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது. கிருஷ்ணா நதிக்கரையிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து வைத்தது. 1898ல் இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவிவிட்டு வந்து, 1907லிருந்து இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாச பண்டிதர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினார். அதில் ஒரு எழுத்துகூட அப்பா படித்ததில்லை. ஆனாலும் சரியான இடத்தில்தான் போய் நின்றிருக்கிறார்.

இந்த வருஷம் அண்ணன் மகள் சென்னையில் காலேஜ் சேர வந்தாள். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். ஹாஸ்டல் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க ரெண்டு நாள் இருந்தது. "சித்தப்பா, ஊர் சுத்திக் காட்டுங்க. மால் எல்லாம் வாணாம், வேற எதுனா" என்றாள். மியூசியத்தில் அப்பா நின்ற இடத்தைக் காட்டினேன். செல்போனில் படம் எடுத்துத் தாத்தா படத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஓட்டேரி இடுகாடு. சுற்றுலா பஸ் எதுவும் அங்கே நிற்காது. "சுடுகாட்டுக்கா கூட்டிப் போறீங்க?" என்றாள். "நம்ம ஜில்லாக்காரர் ஒருத்தர் இருக்கார், வா" என்றேன். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1945லிருந்து அங்கேதான் இருக்கிறார். 1893ல் பத்திரிகை தொடங்கி, எந்தச் சொல்லால் நம்மை ஏசினார்களோ அந்தச் சொல்லையே அதற்குப் பேராக வைத்தவர். 'பறையன்' என்று. லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு போய் உட்கார்ந்தவர். பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லாருக்கும் உரியது என்று 1924ல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் நிறைவேறச் செய்தவர். கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பக்கத்திலேயே பண்டிதருக்கும் 2023ல் திறந்தார்கள். மாலை போட அங்கே போவார்கள். ஆனால் மண்ணில் அவர் இருப்பது ஓட்டேரியில்.

அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "யாரும்மா, உங்க ஆளா?" என்று கேட்டார். சொந்தமா என்றுதான் அவர் கேட்டிருப்பார். எனக்கு அந்தக் கேள்வி வேற மாதிரிதான் கேட்கும், பழக்கம் அப்படி. நான் தடுமாறிக்கொண்டு நிற்க, அவள் "ஆமாங்க, எங்க தாத்தா" என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் கண்ணகி நகர். அங்கே அக்கா இருக்கிறாள். கூவம் கரையில் இருபது வருஷம் குடும்பம் நடத்தினவளை, நகரம் அழகாகணும் என்று ஒருநாள் காலையில் லாரியில் ஏற்றி, துரைப்பாக்கம் தாண்டி இறக்கிவிட்டார்கள். ஒரே அறை. அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. வீட்டு வேலைக்குப் பழைய இடத்துக்கே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள், கூலியில் பாதி டிக்கெட்டுக்கே போனதால் விட்டுவிட்டாள்.

அந்தக் கண்ணகி நகரும் இப்போது பார்க்கவேண்டிய இடம் ஆகிவிட்டது. 2020ல் எங்கெங்கிருந்தோ ஓவியர்கள் வந்து, அடுக்குவீட்டுச் சுவர்களில் மாடி உயரத்துக்கு முகங்களும் பூக்களும் வரைந்தார்கள். படம் அழகுதான், பொய் சொல்லக்கூடாது. பிள்ளைகள் அதன் முன்னால் நின்று விளையாடுகிறார்கள். நாங்கள் போனபோது கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு பையன், மாடிக் கம்பியில் காய்ந்த சேலையைக் கொஞ்சம் எடுக்க முடியுமா என்று கீழேயிருந்து கேட்டான். முகத்தை மறைக்கிறதாம். "அது என் மூஞ்சி இல்லியே கண்ணு, நான் எதுக்கு எடுக்கணும்" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சேலையை எடுக்கவில்லை.

சோறு தின்றபிறகு பிள்ளை ஹாஸ்டல் பாரத்தை எடுத்தாள். லோக்கல் கார்டியன் பேர், முகவரி. "அத்தை, உங்க அட்ரஸ் எழுதட்டா? பொம்பளை பேரு இருந்தா நல்லதுன்னாங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே, "வாணாம்டி. உங்க சித்தப்பன் வூட்டு அட்ரஸ் எழுது" என்றாள். அவள் மகன் டிகிரி முடித்துவிட்டு வேலைக்குப் போன ரெண்டு இடத்திலும் எந்த ஏரியா என்று கேட்டார்கள். சொன்னான். அப்புறம் கூப்பிடுறோம் என்றார்கள். மூணாவது இடத்தில் நண்பன் வீட்டு முகவரியைக் கொடுத்தான். வேலை கிடைத்தது. சம்பளக் கார்டில் இன்னமும் அந்த முகவரிதான்.

எனக்கும் பயம்தான். பெரம்பூர்னே எழுதிடு என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் இடுகாட்டில் அத்தனையும் பேசியவன் நான்.

அவள் பதில் பேசாமல் தரையில் பாரத்தை விரித்து எழுத ஆரம்பித்துவிட்டாள். அக்கா பேரு, பிளாக்கு, வீட்டு நம்பர். பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்கோடு எவ்ளோ அத்தை?"