நள்ளிரவு நறநறப்பு

சிப்பியோடு சிப்பியை உரசுவது போன்ற ஓசை கேட்டு நள்ளிரவில் விழித்தோம். ஏழு வயதுப் பேரன் உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடித்துக்கொண்டிருந்தான். தூத்துக்குடியில் நம் இல்லத்துப் பெண்டிர் இதற்கு ஒரே காரணந்தான் சொல்வர்: வயிற்றில் பூச்சி. அதற்கு மருந்தும் கொடுத்தாயிற்று, ஓசை நிற்கவில்லை.

பல் மருத்துவர் வாயைப் பார்த்ததைவிட வழக்கங்களை வினவியதே மிகுதி. எத்தனை மணிக்கு உறங்குகிறான்? வாயால் மூச்சு விடுகிறானா? பள்ளியில் ஏதேனும் அச்சமுண்டா? பூச்சிதான் காரணம் என்பது உறுதிப்படவில்லை என்றார். 6 முதல் 12 வயதுவரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டுமென்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வகுத்திருக்கிறதாம்.

நாம் தலைகுனிந்தோம். இஷாவுக்குப் பின் அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தது நாமே. துறைமுகப் பணி முடிந்து அவன் வாப்பா வரும் 11 மணிவரை கைப்பேசியைக் கொடுத்து உட்கார்த்தி வைத்ததும் நாமே. விடியுமுன் மதரஸாவுக்கென்று உலுக்கி எழுப்பியது வேறு யார்?

இப்போது அஸருக்குப் பின் தேநீர் இல்லை. இஷா முடிந்ததும் விளக்கணைகிறது. ஓசை குறைந்திருக்கிறது, அடியோடு நிற்கவில்லை. வளர வளரப் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானே நின்றுவிடும் என்கிறார் மருத்துவர். வாப்பாவைக் காணாமல் உறங்குவதுதான் பேரனுக்குக் குறை. அதனால் சுப்ஹுக்குப் பின் அவன் வாப்பாவே கைபிடித்து மதரஸாவுக்கு அழைத்துச் செல்கிறார்.