அத்தாவுக்கு ஒரு நிழல்

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெங்கல் புயல், விழுப்புரத்தில் எங்கள் இல்லத்து வேம்பையும் சாய்த்தது. கன்று நட்டால் நிழலுக்குப் பல்லாண்டு செல்லும். அத்தாவோ எண்பதைக் கடந்தவர். ஆகவே வளர்ந்த மரம் தேடித் திண்டிவனத்தில் ஒரு நாற்றுப்பண்ணைக்குச் சென்றோம்.

உயரம் கண்ணை மயக்கும். பார்க்க வேண்டியதோ வேர்மண்ணை. அடிமரம் 1 அங்குலப் பருமனெனில் வேர்மண் 10 அங்குல அகலமேனும் இருத்தல் நலம். மரம் பருக்கப் பருக்க, பெயர்த்து நட்டபின் வேரூன்றும் காலமும் நீளும். ஆதலின் நெடியவற்றை விடுத்து, 2 அங்குல அடிமரமுள்ள வேம்பொன்றைத் தேர்ந்தோம். விற்பவருக்கு அதில் மகிழ்ச்சியில்லை!

பையிலிருந்த மட்டத்திலேயே நட்டு முட்டுக்கொடுத்தோம். அத்தா ஒளூச் செய்யும் நீர் அதன் அடிக்கே செல்கிறது. இலைகள் உதிர்ந்தபோதும் அவர் கலங்கவில்லை. இப்போது கணுக்களில் செந்தளிர்கள். நாற்காலி இடுமளவு நிழல் இன்னும் விழவில்லை.