அப்பா பிடித்த கயிறு

ஊரில் வெள்ளையனை நடக்கக் கூட்டிப் போகும்போது அப்பா கயிற்றின் நுனியை ஒரு விரலில் மாட்டியிருப்பார். அவ்வளவுதான் பிடி. கயிறு தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கும். ராஜபாளையம் நாய், ஒரே இழுப்பில் அப்பாவைக் கீழே தள்ளிவிடக்கூடிய பலம். ஆனாலும் ஆட்டுமந்தை குறுக்கே போனாலும், பஸ்காரன் ஹாரன் அடித்தாலும், அப்பாவின் முழங்காலை ஒட்டியே நடப்பான். அப்பா அதிகம் பேசாதவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, அவன் காதுமடலைத் திருப்பி உண்ணி பார்த்து எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையில் போடுவார். அந்த அரைமணி நேரம்தான் இருவருக்கும் பேச்சுவார்த்தை.

அப்பா போன பிறகு அம்மாவையும் வெள்ளையனையும் மதுரைக்குக் கூட்டி வந்தேன். ஆறே மாதத்தில் ஆளே மாறிவிட்டான். காலிங் பெல் சத்தத்துக்கு நடுங்கினான். தெருவில் இன்னொரு நாயைக் கண்டால் பாய்ந்தான். முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டான். இடம் மாறியதும் அப்பா இல்லாததும் அவனை வாட்டியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது மட்டும்தானா? தோலில் நோய் எதுவும் இல்லை என்று சொன்ன கால்நடை டாக்டர், “வீட்ல யாராவது ரொம்பப் பதட்டப்படுவாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: “ஏம்ப்பா அப்படிச் சொன்ன? கயித்தக் கையில ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான நடக்குற? எதிர்ல நாய் வருதான்னு அவன் பாக்குறதுக்கு முந்தி நீ பாக்குற.”

அன்று இரவு என் மணிக்கட்டைப் பார்த்தேன். கயிற்றின் தடம் சிவந்து கிடந்தது.

2019ல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்ப்பவர்களின் முடியையும் வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால், வளரும் முடியில் தங்கிவிடும். கடந்த சில மாதங்களின் கணக்கு அதில் இருக்கும். வளர்ப்பவருக்கு ஏறியிருந்தால் நாய்க்கும் ஏறியிருந்தது. நாயின் குணம் அந்த அளவை அதிகம் பாதிக்கவில்லை. வளர்ப்பவரின் குணம் பாதித்தது. அவை மந்தை மேய்க்கும் இனங்கள், மனிதன் முகம் பார்த்தே வேலை செய்பவை. அதே குழு பின்னால் வேட்டை நாய்களைச் சோதித்தபோது அந்த ஒற்றுமை தெரியவில்லை. ஆனால் வளர்ப்பவரோடு உள்ள உறவு அவற்றின் மன அழுத்தத்தையும் தொட்டிருந்தது. வெள்ளையன் வேட்டைக்குப் பெயர்போன இனம். அதனால் என் பதற்றம் முழுக்க அவன் உடம்பில் இறங்கியது என்று நான் சொல்லமாட்டேன். கயிற்றின் வழியாக இறங்கியது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

பூனைகளும் தப்பவில்லை. 2019லேயே பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டபோது, எளிதில் கலங்கும் குணம் உள்ளவர்கள்தான் தங்கள் பூனையிடம் நடத்தைக் கோளாறுகள் இருப்பதாக அதிகம் சொன்னார்கள். பூனையின் கலக்கம் அவர்களை மேலும் கலங்க வைத்திருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது. அந்தச் சுழற்சி எனக்குப் பழக்கமானது.

வெள்ளையனின் தைரியம் அவன் ரத்தத்தில் வந்தது என்றுதான் ஊரே பேசியது. அதில் பாதி அப்பாவுடையது என்று இப்போது நினைக்கிறேன். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவிடம் அவன் ஒருநாளும் மடியில் தலை வைத்ததில்லை. என்னிடம் வைக்கிறான். தூக்கம் வராமல் நான் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்தால், நகம் தரையில் கிளிக் கிளிக்கென்று கேட்கும். வந்து என் பாதத்தின் மேல் பாரமாகப் படுத்துக்கொள்வான். அப்பாவுக்குத் துணை தேவைப்படவில்லை, அதனால் அவன் கூட நடந்தான். எனக்குத் தேவைப்படுகிறது, அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. இதில் எது பெரிய பாசம் என்று அளக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவன் காலில் புண் வரும் அளவுக்கு என் பாரத்தை அவன் சுமக்கக் கூடாது.

ஒரு மாதமாகக் கயிற்றைக் கையில் சுற்றுவதில்லை. நேற்று தெருமுனையில் ஒரு கறுப்பு நாய் எதிரே வந்தது. கயிற்றைத் தொங்கவிட்டு நடந்தேன். வெள்ளையன் நின்று பார்த்தான், ஒரு தடவை குரைத்தான், பிறகு நடந்தான். கால் புண் ஆறி, வெள்ளை முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது.