சாவியைத் திருகாதீங்க: ஒரு பட்டறை நாட்குறிப்பு

25 அக்டோபர் 2024, வெள்ளி

மூன்று மணிக்குப் பிடித்த மழை. மதுரை புதூரில் பட்டறை வாசலில் நின்று பார்த்தால் எதிர்க்கடை போர்டு தெரியவில்லை. தீபாவளிக்கு ஆறே நாள் என்பதால் சர்வீஸுக்கு வந்த வண்டிகள் நெருக்கி நின்றன. எல்லாவற்றையும் மேட்டுப் பக்கமாகத் தள்ளி வைத்தோம்.

ஐந்தரை மணியிலிருந்து போன் ஓயவில்லை. செல்லூர், நரிமேடு, பீபிகுளம், முல்லை நகர். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வண்டி தண்ணிக்குள்ள நிக்குதுண்ணே." நானும் எல்லோருக்கும் ஒன்றையே சொன்னேன்: "சாவியைத் திருகாதீங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வேணாம். கை எட்டுனா பேட்டரி நெகட்டிவைக் கழட்டி விடுங்க."

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூரில் நண்பரின் பட்டறையில் இருபது நாள் வேலை பார்த்தேன். தண்ணீரில் நின்ற வண்டியைவிட, நின்ற பிறகு ஒருமுறை 'போட்டுப் பார்த்த' வண்டிதான் வீட்டுக்காரரின் பையைக் காலி செய்தது. அங்கே கற்றது அது.

இரவு ஒன்பது மணிக்குக் கண்டக்டர் அய்யா கூப்பிட்டார். அரசு பஸ்ஸில் ஓடி ஓய்வு பெற்றவர். 2012 மாடல் ஆல்ட்டோ வைத்திருக்கிறார். "சீட்டு வரைக்கும் தண்ணி தம்பி. பரவால்ல, நம்மகிட்ட இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

எனக்கு வாய் வரவில்லை. காலையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

26 அக்டோபர், சனி

ஒரே நாளில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு மூன்று மணிக்கு மேல் கொஞ்ச நேரத்திலேயே கொட்டியது. செல்லூர்க் கண்மாய் நிறைந்து, பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல், தெருவே வாய்க்காலாகிவிட்டது. மழைநீர் மட்டுமில்லை, சாக்கடையும் கலந்திருந்தது. வாசல் சுவர்களில் இடுப்பளவில் ஒரு கருப்புக் கோடு.

தல்லாகுளம், பீபிகுளம், ஆலங்குளம், கோசாகுளம். நம் ஊர்ப் பெயர்களே தண்ணீர் எங்கே தங்கும் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. நாம்தான் அங்கே வண்டியை நிறுத்துகிறோம்.

டோ வண்டிக்காரர் மூன்று நடை அடித்தார். முதலில் டீச்சர் அக்காவின் ஸ்விஃப்ட், 2021 மாடல் பெட்ரோல். அடுத்து ஒரு தம்பியின் டீசல் கார், 2017 மாடல். கடைசியில் கண்டக்டர் அய்யாவின் ஆல்ட்டோ.

27 அக்டோபர், ஞாயிறு

விடுமுறை இல்லை. நேரம் போகப் போகத் துரு ஏறும்.

முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தோம். ஸ்விஃப்டில் ஆயில் சுத்தமாக இருந்தது. ஆல்ட்டோவிலும் அப்படியே, அய்யா சாவியைத் தொடவே இல்லை. இரண்டிலும் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டோம். தடையில்லாமல் சுற்றியது. இருந்தாலும் ஆயிலை இரண்டு தடவை மாற்ற வேண்டும். கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

டீசல் காரில் டிப்ஸ்டிக் நுனியில் பால் ஊற்றிய டீயின் நிறம். ஏர் ஃபில்டர் ஊறிப்போய் வந்தது. "வழியில ஆஃப் ஆயிருச்சுண்ணே. நாலஞ்சு தடவ செல்ஃப் அடிச்சேன்" என்றார் தம்பி. எஞ்சின் காற்றை நசுக்கித்தான் ஓடும். தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசலில் அழுத்தம் இன்னும் அதிகம் என்பதால் அடியும் பலம். ஹெட்டைக் கழற்றாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பியிடம் நாளை சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

28 அக்டோபர், திங்கள்

டீச்சர் அக்கா வெள்ளிக்கிழமை இரவே கம்பெனிக்குப் போன் செய்து க்ளெய்ம் நம்பர் வாங்கியிருந்தார். தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி போட்டோவும் எடுத்திருந்தார். எவ்வளவு நல்ல காரியம்!

ஆனால் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் மாற்றக் கூடாது. உள்ளே கார்ப்பெட் நாறுகிறது, சீட் ஸ்பாஞ்ச் பிழியப் பிழியக் கறுப்புத் தண்ணீர் விடுகிறது, வயரிங் கப்ளர்களில் பச்சை பூக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொன்றையும் கழற்றும்போது போட்டோ எடுத்து, கம்பெனிக்கு அனுப்பி, சம்மதம் எழுத்தில் வந்த பிறகே வெயிலில் வைத்தோம். கழற்றிய பாகம் எதையும் குப்பையில் போடாதே என்று பையன்களிடம் பத்து தடவை சொன்னேன். சாட்சி அதுதான்.

30 அக்டோபர், புதன்

மாலை கண்டக்டர் அய்யா மஞ்சள் பையில் காகிதத்தோடு வந்தார். விரித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததுதான்: வெறும் தேர்டு பார்ட்டி. மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்று சொல்லுவது அதை மட்டும். நம் வண்டி அடுத்தவருக்குச் செய்த சேதத்துக்கு அது பணம் தரும், நம் வண்டி நனைந்தால் தராது.

2019இல் இந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் கேட்டார். "பழைய வண்டிக்கு எதுக்குய்யா ஃபுல் கவர்? தேர்டு பார்ட்டி போதும்" என்றவன் நான்.

அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் தம்பி" என்றார். கோபப்பட்டிருக்கலாம்.

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

பிள்ளைகள் வெடி போட்டு முடித்த பிறகு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் வாக்கு தவறா இல்லையா என்று எனக்கே தெரிய வேண்டும்.

ஆல்ட்டோ வேலை: பாகங்கள் 24,000, கூலி 14,000, மொத்தம் 38,000. ஃபுல் கவர் இருந்திருந்தால்? பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு எந்த வண்டியானாலும் பாதிதான். ஆகப் பாகங்களுக்கு 12,000, கூலி 14,000, அதில் நாம் கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000 போக, கைக்கு 25,000 வந்திருக்கும்.

அவர் மிச்சம் பிடித்தது: வருஷத்துக்குச் சுமார் 2,800 வீதம் ஆறு ரெனிவலுக்கு 16,800. வித்தியாசம் 8,200தான். இன்னும் மூன்று வருஷம் கழித்து இந்த மழை வந்திருந்தால் கணக்கு சரிக்குச் சரி.

ஆக, எண்ணில் பெரிய தவறு இல்லை. பிறகு ஏன் நெஞ்சு உறுத்துகிறது? தன்னிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று அவர் ஆறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். எது போகிறது என்று நான் சொல்லவில்லை. மிச்சமாகும் பணத்தைத் தனியே எடுத்து வை என்றும் சொல்லவில்லை. மழை பெய்தால் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்கவே இல்லை.

இன்னொன்றும் இன்றுதான் உறைத்தது. பிரீமியம் கணக்கில் சென்னை போன்ற எட்டுப் பெருநகரங்கள் 'ஏ' மண்டலம், மற்ற ஊரெல்லாம் 'பி'. மதுரை முழுக்க ஒரே 'பி'. செல்லூர்ப் பள்ளமும் பசுமலை அடிவாரமும் ஒரே தராசில் நிற்கின்றன. அப்படியானால் பள்ளத்தில் குடியிருப்பவருக்குத்தான் அதே பணத்தில் அதிகப் பயன். அவர்தான் காசில்லை என்று முதலில் விடுகிறார். விடச் சொல்ல என்னைப் போல ஒருவனும் இருக்கிறான்.

4 நவம்பர், திங்கள்

சர்வேயர் வந்தார். நிதானமானவர். ஸ்விஃப்டில் கார்ப்பெட், சீட், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், கப்ளர்கள் எல்லாம் ஏற்றுக்கொண்டார். அக்கா 'பம்பர் டு பம்பர்' போட்டிருந்ததால் தேய்மானக் கழிவு இல்லை. 58,000 பில்லில் அவர் கையிலிருந்து போகப் போவது ஆயில், கூலன்ட் வகையறா 2,600, கட்டாயக் கழிவு 1,000.

டீசல் காரின் பானெட்டைத் திறந்தவர் வெகுநேரம் பேசவில்லை. மற்றச் சேதம் சரி, எஞ்சினுக்குக் கிடையாது என்றார். தண்ணீர் புகுந்தது விபத்து; தண்ணீரோடு எஞ்சினைச் சுழற்றியதால் வந்தது பின்விளைவுச் சேதம். எஞ்சின் புரொடெக்‌ஷன் என்ற தனிச் சேர்க்கை இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும்.

"ஃபுல் கவர்னு சொல்லித்தானே வித்தாங்க?" என்று தம்பி கேட்டார். ஃபுல் என்ற சொல் நம் வாயில்தான் இருக்கிறது, பாலிசிக் காகிதத்தில் இல்லை.

9 நவம்பர், சனி

ஆல்ட்டோவை முடித்தோம். சீட்டை எல்லாம் கழற்றி, தரையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நான்கு நாள் வெயிலில் காயவைத்தோம். வீல் பேரிங், பிரேக் டிரம் திறந்து சேற்றை எடுத்தோம். ஏசி புளோயருக்குள் ஒரு கைப்பிடி வண்டல்.

கூலியில் பாதியை விட்டுவிடுகிறேன் என்றேன். அய்யா ஒத்துக்கொள்ளவில்லை. "பையன்க ராத்திரி பகலா பார்த்திருக்காக. அவுக கூலியில கைய வைக்காத." மூன்று தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். அவருக்கு அது உதவி. எனக்கு அது போதவில்லை.

16 நவம்பர், சனி

டீசல் கார் கிளம்பியது. எஞ்சின் வேலை மட்டும் 1,38,000, முழுக்கத் தம்பியின் பணம். ரெனிவலின்போது எஞ்சின் கவருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கேட்டார்களாம், வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிட்டாராம். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள், பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், நுகர்வோர் ஆணையம் என்று வழி இருக்கிறது என்றேன். மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கிடைக்கும் என்று உறுதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கேட்காமல் இருக்கக் கூடாது.

டீச்சர் அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்று வருஷம் க்ளெய்ம் இல்லாததால் வந்த 35 சதவீதத் தள்ளுபடி அடுத்த ரெனிவலில் போய்விடும். 58,000க்கு அதை விடலாம். நாளை மூவாயிரத்துக்குக் கீறல் விழுந்தால் க்ளெய்ம் போடாமல் கையிலிருந்து கொடுப்பதே லாபம்.

1 டிசம்பர், ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று புதுச்சேரி அருகே கரை கடந்தது. அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டராம். நம் பத்துக்கே இந்தப் பாடு. அங்கேயும் ஒவ்வொரு பட்டறையிலும் போன் அடித்துக்கொண்டிருக்கும். யாராவது "திருகாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னும் ஆறு மாதத்தில் அங்கே நனைந்த வண்டிகளில் சில பாலிஷ் போட்டு இந்தப் பக்கம் விலைக்கு வரும். 2016இல் வந்ததைப் பார்த்தவன் நான். பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், ஸ்டெப்னி பள்ளத்தில் விரலை விடு. வண்டல் இருந்தால் வாங்க வருபவரிடம் சொல்லிவிடு.

சர்வீஸ் நோட்டில் இன்றுமுதல் இரண்டு கட்டம் புதிதாக வரைந்திருக்கிறேன்: 'மழையில் வண்டி நிற்கும் இடம்', 'பாலிசியில் இல்லாதவை'.

12 டிசம்பர், வியாழன்

தென்மாவட்டங்களுக்கு மழை எச்சரிக்கை. கண்டக்டர் அய்யா வந்தார். தேர்டு பார்ட்டி நடப்பில் இருக்கும்போதே நம் வண்டிச் சேதத்துக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம், கம்பெனி ஆள் வந்து வண்டியைப் பார்ப்பார் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பாதித் தேய்மானக் கணக்கையும் மறைக்காமல் போட்டுக் காட்டினேன். எடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை.

வெகுநேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னெண்டு வருச வண்டி. பாதிதான் வரும்னா வேணாம் தம்பி. மாசம் முந்நூறு போஸ்ட் ஆபீஸ்ல போட்டு வைக்கிறேன். மழைன்னா வண்டிய மேட்டுக்குக் கொண்டாந்துர்றேன்."

கட்டத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன். இந்த முறை, தன்னிடம் எது இல்லை என்று தெரிந்தே முடிவெடுத்தார்.

இரவு எட்டு மணிக்கு வானம் கறுத்தது. ஆல்ட்டோ பட்டறை வாசலுக்கு வந்து நின்றது. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிச் செல்லூருக்குப் போனார்.